இரண்டாவது பிரேக்

ஆவுடையப்பனுக்குப் பயம் வந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்ததுதான் குழப்பம்.

கே.டி.சி. நகர் தாண்டிப் புதிதாகப் போட்டிருந்த அகலமான ரோடு. காலை நேரம். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிலோமினா டீச்சர் மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கையோடு கார் ஓட்டப் பழகியே தீருவது என்று கிளம்பியவர். தானாக ஓடும் கார்கள் வந்து வருஷக்கணக்காகிவிட்டன. ஆனால் பாளையங்கோட்டை ரோட்டில் ஆடு, ஆட்டோ, ஊர்வலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவை நடு ரோட்டிலேயே யோசனையில் நின்றுவிடும். அந்தப் புண்ணியத்தில்தான் ஆவுடையப்பனின் டிரைவிங் ஸ்கூல் பிழைத்துக் கிடந்தது. அவர் டீச்சருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக் காரில் அந்த இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்துவதற்காக வைத்தது.

திடீரென்று அவர் நெஞ்சு படபடத்தது. உயரத்தில் நின்று கீழே பார்த்தால் உள்ளங்கால் கூசுமே, அப்படிக் கூசியது. அடுத்த நொடி அவர் கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் குலுங்கி நின்றது.

"என்ன தம்பி, நாய் ஏதும் குறுக்க வந்துச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க ஓட்டுங்க."

"பழகுதது நான். நான்லா பயப்படணும்? நீங்க எதுக்குப் பயப்படுதீங்க?"

நியாயமான கேள்விதான். ஆவுடையப்பன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். அதில் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, வந்த பயத்தைத் தானே வைத்துக்கொள்வதற்கு. மற்றொன்று, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதற்கு. மகளுக்கு அன்று இயற்பியல் தேர்வு. பிள்ளை நிம்மதியாக எழுதட்டும் என்று முதல் பொத்தானை அழுத்தினார். வேர்வையில் சட்டை நனைந்து ஒட்டியது. ஆனாலும் மனதுக்குள் பெருமையாக இருந்தது.

மகள் பெயர் பொருநை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த திமிரில் ஆற்றின் பழைய பெயரையே பிள்ளைக்கும் வைத்தார், டிரைவிங் ஸ்கூலுக்கும் வைத்தார். ஸ்கூல் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைதான் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை அறையில் கேள்வித்தாளைப் பார்த்தவுடன் மயங்கி விழுந்தாள். பிறகு பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலே வாந்தி. பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, அவள் அம்மா செண்பகம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவாள். அதையெல்லாம் பார்த்த தகப்பன் எதற்கும் துணிவான். ஆவுடையப்பனும் துணிந்தார்.

அப்படித்தான் வண்ணார்பேட்டையில் டாக்டர் ஜெசிந்தாவின் மருத்துவமனைக்குப் போனார்கள்.

"பயத்தை அப்படியே அணைச்சிர முடியாதா டாக்டர்?" என்று அன்று ஆவுடையப்பன் கேட்டார்.

"அணைக்கலாம். சட்டம் விடாது, நானும் விட மாட்டேன். பயமே இல்லாத பிள்ளை பஸ்ஸுக்குக் குறுக்க சிரிச்சுக்கிட்டே நடந்து போயிரும். அதனால அது யாராவது ஒருத்தர் உடம்புல போய் இறங்கணும். இறங்குனவங்க முடிவு பண்ணணும், இது வேண்டாத பயமா வேண்டிய பயமான்னு. பரீட்சைப் பயம்னா நீங்களே வச்சுக்கலாம். பஸ் பயம்னா உடனே பிள்ளைக்கே திருப்பிக் குடுத்திரணும்."

"எது என்ன பயம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். பயம் மட்டுந்தான் வரும், காரணம் வராது."

"அப்ப எப்படி?"

"பெத்தவங்களுக்குத் தெரியும்னு ஒரு நம்பிக்கைதான்."

ஆவுடையப்பன் தலையாட்டினார். அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்து, எப்போது மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பார்ப்பதுதானே அவர் தொழில்? இது என்ன பெரிய வித்தை என்று தோன்றியது. செண்பகம், "எனக்கே மாட்டி விடுங்க, நானே தாங்கிக்கிடுதேன்" என்று முந்திக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க உங்க பயத்தைப் பாருங்கம்மா, அதுவே கூடுதலா இருக்கு" என்று சிரித்துவிட்டார்.

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு சின்ன வட்டத்தை எடுத்துப் பொருநையின் காதுக்குப் பின்னால் ஒட்டினார். அச்சு அசல் ஸ்டிக்கர் பொட்டு மாதிரியே இருந்தது. ஊரில் அதைக் காதுப் பொட்டு என்றே சொன்னார்கள். அது தோலில் ஒட்டியிருக்கும்வரை பயம் தகப்பனுக்குப் போகும். கழற்றி வைத்தால் தகப்பனின் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் பத்து நாள் அமளிதுமளிப்பட்டது. பொருநை பள்ளிக்கூடம் போனாள். சிரித்தாள். கணக்கு வாத்தியாரிடமே, "சார், நீங்க போட்டது தப்பு" என்றாளாம். ஆவுடையப்பன்தான் ஒருவழியாகிவிட்டார். டீக்கடையில் நிற்கும்போது பயம் வரும், தலை சீவும்போது வரும். ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும். போன் போட்டுக் கேட்டால், "கிளாஸ்ல இருக்கேன்பா, ஒண்ணுமில்ல" என்பாள். ஒன்றுமில்லாததற்கா இந்த நடுக்கம் என்று போனை வைத்த பிறகு இவர் குழம்புவார்.

பத்தாம் நாள்தான் அந்த இயற்பியல் தேர்வு. அதற்குப் பிறகு குழப்பம் வேறு தினுசாகிவிட்டது.

பயம் பள்ளிக்கூட நேரத்தில் குறைந்தது. ஆனால் தினமும் காலையில் அவர் காரைக் கிளப்பும்போது சரியாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. முதல் வகுப்பு கணக்கு, அதை நினைத்துப் பிள்ளை பயப்படுகிறாள் என்று தீர்மானித்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. திங்கட்கிழமையை நினைத்துப் பயப்படுகிறாள் போல என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். காரணம் கண்டுபிடிப்பதில் தகப்பன்மார்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. பொருநை டியூஷனிலிருந்து வரும் நேரம். வீட்டு வாசலில் நின்ற ஆவுடையப்பனுக்குப் பயம் வந்தது. ரோட்டைக் கடக்கிறாள், வேண்டிய பயம்தான் என்று இந்தத் தடவை திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அதே நேரம் அடுக்களையில் தோசைமாவுப் பாத்திரம் தடாலென்று விழுந்தது. "என்னம்மா ஆச்சு?" என்று குரல் கொடுத்தார். "கை வழுக்கிட்டு" என்றாள் செண்பகம். அவள் குரல் ஏனோ நடுங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு மகள் கவலை.

வீட்டில் யாராவது நன்றாக இருந்தார்கள் என்றால் அது செண்பகம்தான். ராத்திரி படுத்தவுடன் தூங்கினாள். காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, அதில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கும் பொட்டுகளில் ஒன்றை எடுத்து நெற்றியில் வைக்கும்போது ஏதோ பாட்டை முனகினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி ஆவுடையப்பன் கேட்டதே இல்லை. பிள்ளை தேறிவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். தனக்கு மட்டும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பள்ளிக்கூட வாசலுக்கே போனார். எதிர்க்கடை ஓரமாகத் திருடன் மாதிரி நின்று பார்த்தார். பொருநை சிநேகிதிகளோடு பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். ஒருத்தி எதையோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பனின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. பட்டையில் மஞ்சள் விளக்கு.

சிரிக்கிறாள், உள்ளுக்குள்ளே இவ்வளவு பயப்படுகிறாள்! எதற்கு? யாருக்கு? அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளை இவளை மிரட்டுகிறது? ஒன்றும் விளங்காமல் கண் கலங்கி நின்றார். கடைக்காரர் விசித்திரமாகப் பார்க்கவே, வேண்டாத கடலைமிட்டாய் ஒன்றை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

மறுநாளே டாக்டரைத் தேடிப் போனார். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கையில் இருந்த காப்பி நடுங்கிச் சிந்திக்கொண்டிருந்தது. முன்பு மினிபஸ் ஓட்டினவராம்.

"உங்க பிள்ளைக்கா?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"எம்பிள்ளைக்கு ஏது சார் அந்த வசதி? எங்க முதலாளி மகனுக்கு. முதலாளிக்கு நேரமில்ல, அதனால சம்பளத்துக்கு நான் பயப்படுதேன்."

"இப்ப எதுக்குப் பயப்படுதீங்க?"

"யாருக்குத் தெரியும்? அந்தத் தம்பி எங்க இருக்கோ, என்ன செய்யுதோ. ரெண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துட்டு. திருப்பிக் குடுக்கற பொத்தானை அழுத்திராதேன்னு முதலாளி சொல்லியிருக்காவ. தம்பி முகம் வாடக்கூடாதாம்."

தன் பிள்ளைக்குத் தானே பயப்படுகிறோம் என்பதில் ஆவுடையப்பனுக்கு ஆறுதலாக இருந்தது. டாக்டர் அறைக்குள் போனதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நிரந்தரமா வைக்கற பொட்டு ஒண்ணு இருக்காமே டாக்டர். தோலுக்கு அடியில. அதை வச்சிருங்க."

"வச்சா எடுக்க முடியாது சார். உங்க ஆயுசு முழுக்க அவ பயம் உங்களுக்குத்தான்."

"வரட்டும்."

"உங்களுக்கு அப்புறம்?"

"அதை அப்ப பாத்துக்கிடலாம். எம்பிள்ளை சிரிச்சுக்கிட்டே நடுங்குது டாக்டர். நான் கண்ணால பாத்தேன். அதை இனிமே ஒரு துளி கூட அவகிட்ட விட்டு வைக்கப்படாது."

டாக்டர் மேஜை நாட்காட்டியைப் புரட்டினார். "சனிக்கிழமை மூணு பேரும் வாங்க. பிள்ளைகிட்ட நானும் பேசணும்" என்றார்.

சனிக்கிழமை காலை பயிற்சிக் காரிலேயே கிளம்பினார்கள். அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகையோடு வீட்டு விசேஷங்களுக்குப் போய்வந்தே அவர்களுக்குப் பழகிவிட்டது. செண்பகம் பின்னால் ஏறினாள். பொருநை முன்னால், அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். ஏனோ அவள் முகம் சரியில்லை. இரண்டு தடவை, "எப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, "டாக்டர்கிட்டயே சொல்லிக்கிடுதேன்" என்று நிறுத்திக்கொண்டாள். பின்னாலிருந்து மெல்லிய முனகல் பாட்டு. காரில் ஏறினாலே முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று உயிரை எடுக்கிற செண்பகம், காற்றில் முடி பறக்க ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள்.

காரைக் கிளப்பும்போது வழக்கமான பயம் வந்தது. வழக்கம்போல அவரே வைத்துக்கொண்டார்.

மேம்பாலம் இறங்கும் இடத்தில், உள்ளே நூறு பேர் சேர்ந்து அலறியது போல மறுபடியும் வந்தது. அத்தனை பெரிய பயம் அதுவரை வந்ததில்லை. ஆவுடையப்பன் அந்த இடத்தில் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர், முதல் நாள் முதல் பாடமாக அதைத்தான் சொல்வார். ஆனால் இரண்டு மாசப் பழக்கம் அவரை மாற்றி வைத்திருந்தது. கண் மணிக்கட்டுக்குப் போனது. மஞ்சள் விளக்கு. பிள்ளை எதற்கோ பயப்படுகிறாள். மருத்துவமனைக்கா, ஊசிக்கா? வைத்துக்கொள்வதா, கொடுப்பதா?

"எப்பா! லாரி!"

பொருநை வீறிட்டாள். அவள் கால் கீழே இருந்த இரண்டாவது பிரேக்கை இடித்து மிதித்தது. கார் கிறீச்சிட்டுத் திரும்பி நின்றது. தப்பான பக்கத்தில் ஏறி வந்த மணல் லாரி, பக்கவாட்டுக் கண்ணாடியை உரசி உடைத்துக்கொண்டு, ஹாரன் அடித்தபடியே கடந்து போனது.

பின்னாலிருந்து செண்பகம் சாவகாசமாகக் கேட்டாள்.

"என்ன, நின்னுட்டோம்? அதான் லாரி போயிட்டே, நேரமாச்சுல்லா."

ஆவுடையப்பன் காரை ஓரங்கட்டினார். மகளைப் பார்த்தார். அவள் உதடு வெளுத்திருந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"நீ பயந்துட்டியா?"

"பின்ன? பயப்படாம?"

"நீ எப்படிட்டி பயப்பட முடியும்?"

அவர் கைநீட்டி அவள் முடியை விலக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே வெறும் தோல்தான் இருந்தது. பட்டையில் சிவப்பு விளக்கு இல்லையே? பொட்டு எங்கேயோ, யார் தோலிலோ, ஒட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? மெதுவாகப் பின்னால் திரும்பினார். செண்பகம் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். கொண்டையை லேசாகத் தூக்கிக் காதுக்குப் பின்னால் காட்டினாள்.

"நான்தான் எடுத்தேன்பா" என்றாள் பொருநை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எடுத்து பாத்ரூம் கண்ணாடியில அம்மா பொட்டோட பொட்டா ஒட்டி வச்சிட்டேன்."

"ஏன்?"

"பிசிக்ஸ் பரீட்சை அன்னைக்குக் காலையில ஸ்கூல் மொட்டைமாடியில படிச்சுக்கிட்டு இருந்தோம். கைப்பிடிச்சுவர் மேல ஏறி நடந்தேன். சும்மா. கீழ பார்த்தேன். ஒண்ணுமே தோணல. கூடப் படிக்கிற மஞ்சு வந்து காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டா. அப்பவும் தோணல. ராத்திரி வீட்டுல பொட்டைக் கழட்டின பிறகுதான் அந்த உயரமே தெரிஞ்சுது. மறுபடி ஒட்ட மனசு வரல."

ஆவுடையப்பனுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அகலமான காலி ரோடு. உள்ளங்கால் கூசியது. பிள்ளை நிம்மதியாகப் பரீட்சை எழுதட்டும் என்று அழுத்தின பொத்தான். பெருமைப்பட்டது. அந்த விரலை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மகளைக் கொல்லப் பார்த்த விரல் அது.

"அதுக்கப்புறம் வந்த பரீட்சையெல்லாம்?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கை நடுங்குச்சு. நடுங்கிக்கிட்டே எழுதுனேன்."

"நீ எதுக்கு அதை எடுத்து ஒட்டிக்கிட்டே?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"கண்ணாடியில பாத்தேன். இவகிட்ட கேட்டேன், சொன்னா. சும்மா கெடந்தா உங்க கையில சிவப்பு விளக்கு எரியும், நீங்க தூங்கி முழிச்சதும் பாத்துட்டு அலறியடிச்சுக்கிட்டு ஓடியாருவீங்க. ஒருநாள் நாம ஒட்டிக்கிட்டு, மெதுவா சொல்லிக்கிடுவோம்னு நினைச்சேன். அதுக்குக் காது யாருதுன்னு தெரியவா போகுது?"

"அப்புறம் ஏன் சொல்லல? பயமா?"

"பயம் எங்க இருக்கு? அதான் உங்ககிட்ட வந்துட்டே." செண்பகம் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "சொன்னா கழட்டச் சொல்லுவீங்க. கழட்ட மனசு வரலங்க. இவ பெறந்ததுல இருந்து நான் தூங்குனது இந்த ரெண்டு மாசந்தான். இவ கதவைச் சாத்துனா பயம், தொறந்தா பயம், மழை பெஞ்சா பயம். எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு மாவுப் பாத்திரத்தைப் போட்டேனே, நீங்க அப்ப திருப்பி அனுப்புனீங்க. இத்தனையுமா நாம சுமந்தோம்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று மகளைப் பார்த்து அழுததை நினைத்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை.

"தினமும் காலையில நான் காரை எடுக்கும்போது ஒண்ணு வருமே. ஞாயித்துக்கிழமை கூட. அது என்னது?"

"அது எப்பவும் எனக்கு வாறதுதான்" என்றாள் செண்பகம், அரிசி விலை சொல்கிற மாதிரி. "ஓட்டவே தெரியாத ஒருத்தர் ஓட்டுதாவ, பக்கத்துல நீங்க உக்காந்து போறீங்க. திரும்பி வாற வரைக்கும் இருக்கும்."

டிரைவிங் ஸ்கூல் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. ஒரு நாளும் அவள் அதைச் சொன்னதில்லை. ஒரு நாளும் அவர் கேட்டதுமில்லை.

செண்பகம் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். "டாக்டர்கிட்ட இனிமே என்ன சோலி? இந்தாங்க."

"இருக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன். "வீடு போய்ச் சேருத வரைக்குமாவது இருக்கட்டும்."

காரைக் கிளப்பினார். நெஞ்சில் பயம் வந்து உட்கார்ந்தது. அவர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே விரலால் தடவி முதல் பொத்தானை அழுத்தினார். பின்னால் பாட்டு மறுபடி தொடங்கியது.

"எப்பா" என்றாள் பொருநை. "அம்மா பயம் உங்ககிட்ட வருது. உங்க பயத்தை யாரு வாங்குவா?"

"எனக்கென்ன பயம்?"

சொல்லிவிட்டு அவர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். அவள் கால் இன்னும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்தது.

"காலை எடுட்டி. வண்டி ஓட்டணும்."

பொருநை அவரைப் பார்க்கவில்லை. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஓட்டுங்கப்பா. நான் எடுக்க மாட்டேன்."

அவர் ஓட்டினார்.